எந்த ஊர் டீச்சர்?

புதுப் புடவை கட்டிக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நிற்க எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் தைரியம் கிடையாது. "எப்படி இருக்குங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டால் பதில் சொல்லியே தீருவார். உள்ளதைத்தான் சொல்வார். ஒரு தீபாவளிக்கு நான் மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டு எடுத்திருந்தேன். ஆசை அடங்காமல் கட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். படிக்காத கேள்வி வந்துவிட்ட பிள்ளையைப் போல அவர் முகம் தவித்தது. கடைசியில், "பார்டர் நல்லா இருக்குக்கா," என்றார். அன்று முழுவதும் நான் குனிந்து பார்டரை மட்டும் பார்த்துக்கொண்டே பண்டிகை கொண்டாடினேன்.

அடுத்தவர் மனதை நோகடிக்கிற ஆள் அல்ல அவர். புண்படாமல் சொல்ல ஏதாவது ஒரு நல்லது கிடைக்குமா என்று தேடித் தேடித்தான் பேசுவார். கிடைத்த நல்லது நிஜமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது. அவருக்குப் பொய் வராது. வீட்டு ஓனர் வாடகைக்கு வரும்போது மற்றவர்கள் "அவரு ஊட்டுல இல்லீங்க" என்று வாசலிலேயே சமாளித்து அனுப்புவார்கள். டீச்சர் மட்டும், "உள்ள படுத்திருக்காங்க. உங்களைப் பாக்க சங்கடமா இருக்காம்," என்பார். உள்ளே அவருடைய வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

அவர் எங்கள் லைன் வீட்டைக் காலிசெய்து போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெயரைச் சொல்லாமல்தான் எழுதுகிறேன். பெயர் எங்களுக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை. பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் அவர் டீச்சர்தான். தூத்துக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். வீட்டுக்காரர் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே மகள். டீச்சர் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தார். நான் குண்டடம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

எங்கள் கம்பெனிக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருவதாக ஒருமுறை தகவல் வந்தது. தையல் பெண்களிடம் நேராகவே பேசுவார்கள், அதனால் நாலு வாக்கியமாவது இங்கிலீஷில் சொல்லித் தர ஆள் வேண்டும் என்று எச்.ஆர். தம்பி தேடினார். நான்தான் டீச்சரைக் கூட்டிப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் வகுப்பு. என்னென்ன வாக்கியம் என்று எச்.ஆரே எழுதிக் கொடுத்திருந்தார். எட்டு மணி நேரம்தான் வேலை செய்கிறோம், ஓவர்டைம் நாங்களாக விரும்பிச் செய்வது, இப்படி.

முதல் நாள் அப்படியே சொல்லிக் கொடுத்தார். பெண்களும் கோரஸாகச் சொன்னார்கள். வகுப்பு முடிந்து படி இறங்கும்போது என்னிடம் கேட்டார். "எட்டு மணி நேரந்தானாக்கா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் சொல்லிக் கொடுத்தது வேறு. காலையில் எத்தனை மணிக்கு வருகிறோம், இரவு எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதை அந்தப் பெண்களிடமே கேட்டு, அதையே பிழையில்லாத இங்கிலீஷில் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். கோரஸ் எச்.ஆர். ரூம் வரைக்கும் கேட்டது. அந்தத் தம்பி ஓடிவந்தார். கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நம்ம கம்பெனி உங்களுக்கு ஒத்து வராதுங்க," என்று கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

கம்பெனியில் நான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. சாயந்திரம் வந்து அவரிடம் சத்தம் போட்டேன். அவர் அழாத குறையாகச் சொன்னார். "அந்தப் பிள்ளைங்க வாழ்க்கையிலேயே மொத மொதல்ல இங்கிலீஷ் பேசுதாங்கக்கா. மொத வாக்கியமே பொய்யாவா இருக்கணும்?"

நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவருடைய வீட்டுக்காரருக்குக் கையில் அடிபட்ட நாளை மறக்க முடியாது. துணி வெட்டும் மிஷினில் வலது கை சிக்கிக்கொண்டது. விரல்களில் கட்டை விரலும் பக்கத்து விரலும்தான் மிஞ்சின. ஆஸ்பத்திரிக்கு கம்பெனி மேனேஜர் வந்திருந்தார். நல்லவர் போலத்தான் பேசினார். "அம்மிணி, டாக்டர் கேட்டா ஊட்டுல ஏதோ மிஷின்ல அடிபட்டுதுன்னு சொல்லிப்போடுங்க. செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். கை ஆறுனதும் மாஸ்டருக்கு ஒக்காந்து பாக்கற மாதிரி ஒரு வேலையும் போட்டுக் குடுக்கறோம்." கட்டிலில் கிடந்த மனுசன் வலியோடு மனைவியைப் பார்த்தார். சொல்லிவிடு என்கிற பார்வை. நான் பக்கத்தில் நின்றேன்.

டாக்டர் வந்து கேட்டார். டீச்சர், "கம்பெனியில நடந்துச்சு டாக்டர். கைக்குப் போடற கம்பி உறை அவங்க குடுக்கல," என்றார்.

மேனேஜர் அதற்குப் பிறகு வரவில்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலையும் வரவில்லை. கேஸ் நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுக்கப் பழகினார். "நீ வாயத் தொறந்ததுக்கு நான் கையுமில்லாம வேலையுமில்லாம நிக்குதேன்," என்று ஒருநாள் அவர் கத்தியது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

வெளிநாட்டு வேலை அப்போதுதான் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்ட். வியட்நாமில் கடலோரத்து ஊர் ஒன்றில் இங்கிலீஷ் சொல்லித்தரும் அகாடமி இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு சாயந்திர வகுப்பு, இங்கே வாங்குகிற சம்பளத்தைப் போலப் பல மடங்கு என்றார். வேலை விசாதான் என்று சத்தியம் செய்தார். வீடியோவில் இண்டர்வியூ. அவர் வீட்டுக்கு அந்தப் பக்கம் நாலு பவர் டேபிள் தையல் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்று என் வீட்டில் உட்கார்ந்து பேசினார். அவர் இங்கிலீஷ் பேசி நான் முழுதாகக் கேட்டது அன்றுதான். தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. திரையில் தெரிந்த அந்த ஊர் அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

மகள் அப்போது பத்தாம் வகுப்பில் கால் வைத்திருந்தாள். "ஒரு வருசம்தான். அது வரைக்கும் நல்லாப் படி. உன்கிட்ட நான் எதையும் மறைக்க மாட்டேன். நீயும் என்கிட்ட மறைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் டீச்சர் கிளம்பினார். மகள் தலையாட்டினாள்.

அகாடமியில் இறங்கிய முதல் நாளே அந்த முதலாளியம்மா ஒரு பெயர் அட்டையைக் கொடுத்திருக்கிறாள். அதில் வெள்ளைக்காரப் பெயர். ஊர் கேட்டால் தென்னாப்பிரிக்கா என்று சொல்ல வேண்டும். இந்தியா என்றால் பெற்றோர் பணம் கட்ட மாட்டார்களாம்.

டீச்சர் போனில் என்னிடம் சொன்னார். "முடியாதுன்னுட்டேன்க்கா. அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. ரொம்ப நேரம் பேசி, கடைசியில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அட்டையக் குத்திக்கிடுதேன். அது வெறும் பேருதான. ஆனா ஊரக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன், உண்மையும் சொல்ல மாட்டேன்னு."

"அதெப்படீங்க டீச்சர் முடியும்?"

"விளையாட்டாக்கிட்டேன்லா. பிள்ளைங்க கேட்டா, நீங்களே கண்டுபிடிங்கன்னு சொல்லிருதேன். சுவத்துல உலக மேப் தொங்குது. டெய்லி வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு நாட்டச் சொல்லுதாங்க. பிரேசில்ங்கான் ஒருத்தன். பிஜிங்கா ஒருத்தி. பிஜி எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதுக்கா, மேப்பப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. முதல் இரண்டு மாதம் இப்படித்தான் போயிற்று. எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள். அவர் பாடம் எடுத்தால் வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போக மாட்டார்களாம். ஒரு சிறுமி அவருடைய பின்னலைப் பிடித்துப் பார்த்து இது நிஜ முடியா என்று கேட்டதையெல்லாம் சொல்வார்.

அப்புறம் பேச்சில் சிரிப்பு குறைந்தது. வேலைக்கான பெர்மிட் எடுக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். அந்தச் செலவு என்று சொல்லிச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். பெர்மிட் வரவில்லை. ஒருநாள் தொழிலாளர் துறை ஆட்கள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். முதலாளியம்மா இவரை வகுப்பிலிருந்து இழுத்து வந்து, பெற்றோர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்காரவைத்து, யாருடைய பிள்ளையையோ மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்போதுதான் தன்னிடம் வேலை விசா இல்லை என்பதே டீச்சருக்குத் தெரிந்தது.

"அந்த ஆபீசர் என்னையத் தாண்டித்தான் போனாரு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா. அவரு கேக்கவே இல்ல. நான் அந்தப் பிள்ள முடியக் கோதிக்கிட்டே உக்காந்திருந்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயமாருக்குக்கா. எப்ப வந்து பிடிச்சிட்டுப் போவாங்கன்னு தெரியல."

இதையெல்லாம் என்னிடம் சொன்னது போலவே மகளிடமும் சொல்லியிருக்கிறார். ஒன்றுவிடாமல். மறைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாரே.

அந்தச் சமயத்தில், எங்கள் கம்பெனி வெளியே தைக்கக் கொடுத்த சரக்கில் பிசிறு வெட்டாமல் வந்திருக்கிறது என்று புகார். பல்லடம் ரோட்டில் உள்ளே தள்ளி இருந்த அந்தச் சின்ன யூனிட்டுக்கு நான் போனேன். தகரக் கொட்டகை. பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தில் டீச்சரின் மகள் இருந்தாள். பள்ளிக்கூடப் பை அவள் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்து, பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்க பெரியம்மா."

"எப்ப இருந்து கண்ணு?"

"காலாண்டு லீவுல சும்மா வந்தேன். அப்புறம் ஸ்கூலுக்குப் போகல."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க."

"உங்கம்மா தெனமும் போன் பண்ணி இன்னிக்கு என்ன பாடம்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க. புக்க எடுத்து வச்சுக்கிட்டு அடுத்த பாடத்தப் பாத்துச் சொல்லிருவேன். அம்மா நம்பிருவாங்க." கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, கண்டுபிடிக்கவும் தெரியாது பெரியம்மா."

"எதுக்குக் கண்ணு இப்படிப் பண்ணுன?"

அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "வெளிநாட்டுல இருக்கற மத்த அம்மாவெல்லாம் நல்லா இருக்கேன்னு சொல்லுவாங்க. எங்கம்மா சொல்ல மாட்டாங்க. சம்பளம் வரல, பாஸ்போர்ட்டப் பிடுங்கிட்டாங்க, பயமா இருக்குன்னு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அதக் கேட்டுட்டு நான் எப்படிப் போய் கிளாஸ்ல உக்காருவேன்? வீட்டுல யாராவது ஒருத்தர் பொய் சொல்லித்தான ஆகணும். அம்மா சொல்ல மாட்டாங்க. அதான் நான் சொல்றேன்."

அவளை அணைத்துக்கொண்டு நின்றேன். பிசிறு நூல் அவள் தலைமுடியெல்லாம் ஒட்டியிருந்தது.

சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரே போனில் நேராகக் கேட்டுவிட்டார். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வராதவர்கள் பட்டியலில் மகளின் பெயரைப் பார்த்திருக்கிறார். மகளிடம் கேட்டால், தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றிருக்கிறாள்.

"அக்கா, அவ ஸ்கூலுக்குப் போறாளா, இல்லையா?"

அந்த மனுசியிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எதற்காகப் போனாள் என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். லைன் போய்விட்டதோ என்று "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்," என்றார். பிறகு, "நான் உள்ளதச் சொன்னேன். அவ வேலைக்குப் போயிட்டா," என்றார். அதையே திரும்பவும் சொன்னார். வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததை அவர் திரும்பி வந்த பிறகுதான் கேட்டேன். பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார். முதலாளியம்மா வருடம் முடியட்டும் என்றிருக்கிறாள். அழுதும் பார்த்திருக்கிறார். நடக்கவில்லை. அந்த வாரம் பெற்றோர்களை வரவழைத்து வகுப்பைக் காட்டும் நாள். பின் வரிசையில் அம்மா அப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பின் முடிவில் பிள்ளைகள் வழக்கம்போல நாடு கண்டுபிடிக்கும் விளையாட்டுக்குக் கை தூக்கினார்கள். டீச்சர் எல்லாக் கைகளையும் இறக்கச் சொன்னார். அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். மேப்புக்குப் பக்கத்தில் போய் நின்று தன் நிஜப் பெயரைச் சொன்னார். தமிழ்நாட்டின் மேல் விரலை வைத்து, என் ஊர் இதில் தூத்துக்குடிப் பக்கம், நான் இந்தியா, என்னிடம் வேலை செய்ய அனுமதி இல்லை, என் பாஸ்போர்ட் அலுவலக அறையில் இருக்கிறது என்றார்.

"அப்ப ஒரு பிள்ள எந்திரிச்சுது. என் பின்னலப் பிடிச்சுப் பாத்துச்சே, அந்தப் பிள்ள. மொகமெல்லாம் செவந்துபோச்சு. 'டீச்சர், மொத நாளே நான் இந்தியான்னு சொன்னேன். நீங்கதான் இல்ல, வேற சொல்லுன்னீங்க'ங்குது."

என் வீட்டுத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். "எனக்கு ஞாபகமே இல்லக்கா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். அந்தப் பிள்ள சொன்னப்பதான் தெரியுது. ஆமா, சொல்லியிருக்கேன். விளையாட்டு மொத நாளே முடிஞ்சிரக் கூடாதேன்னு சொல்லியிருக்கேன். அது பொய்தான? அப்ப நான் அங்க இருந்த அத்தன நாளும் பொய் சொல்லிக்கிட்டுத்தான இருந்திருக்கேன்?"

அது பெரிய பொய்யா டீச்சர் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை.

பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. மேஜைமேல் தூக்கிப் போட்டாள் அந்தம்மா. நிறுத்தி வைத்த சம்பளம் வரவில்லை. அங்கேயே பழகிய ஒரு பிலிப்பைன்ஸ் டீச்சர் டிக்கெட்டுக்கு உதவினாராம்.

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு நானும் மகளும்தான் போனோம். டீச்சர் வெளியே வந்ததும் மகளின் கையை விரித்துப் பார்த்தார். கத்தரி பிடித்த இடத்தில் தோல் தடித்துக் கன்றியிருந்தது. திட்டுவார் என்று அவள் தயாராக நின்றாள். அவர் திட்டவில்லை. கையை மூடிவிட்டு, "பஸ் எந்தப் பக்கம்க்கா?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த வேலை அவளைப் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்ப்பது. பொதுத்தேர்வுக்கு அனுப்ப வேண்டுமானால் இத்தனை நாள் வராததற்குக் காரணம் வேண்டும். எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் வழி சொன்னார். உடம்பு சரியில்லை என்றால் ஏதாவது செய்யலாம், வேலைக்குப் போனாள் என்று தலைமையாசிரியை காதில் விழுந்தால் மேலே எழுதியே ஆக வேண்டும், விசாரணை அது இது என்று இந்த வருடம் போய்விடும் என்றார். நான் டீச்சரிடம் சொன்னேன்.

"மஞ்சக்காமாலைன்னு சொல்லிப்போடுங்க டீச்சர். ஒரு வார்த்தைதானுங்க. புள்ள வாழ்க்கை."

"உள்ளதச் சொல்லி மன்னிப்புக் கேட்டுருதேன்க்கா. அவங்களும் டீச்சர்தான?"

டவுன் பஸ்ஸில் போகும்போதும் இதேதான். நான் கெஞ்சினேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் என்ன நடந்ததோ, அம்மாவும் மகளும் நாலைந்து நாளாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியை எங்கள் பக்கத்து அம்மாதான். நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். "ஏனுங்க டீச்சர், நீங்களே ஒரு டீச்சர். புள்ளைய இப்புடி உட்டுப்போட்டீங்களே. ஏன் வரலைங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

வழி காட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. டீச்சருக்கும் புரிந்திருக்கும். அவர் உதடு திறந்து மூடியது. நான் முந்தானைக்குள் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லத்தான் போகிறார், இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.

டீச்சர் பேச ஆரம்பித்தார். இங்கிலீஷில். என் வீட்டில் உட்கார்ந்து பேசினாரே, அதே தண்ணீர் ஓடுகிற இங்கிலீஷ். எனக்கு முழுதும் புரியவில்லை. ஆனால் ஜாண்டிஸ் என்பது புரிந்தது, மற்றதை மகள் பிறகு சொன்னாள். தன் அண்ணன் வீட்டில் வைத்துப் பார்த்தார்களாம். கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டதாம். கீழாநெல்லி கொடுத்தார்களாம், மோர் தவிர எதுவும் தங்கவில்லையாம், எழுந்து நடக்கவே தெம்பில்லையாம். தான் வெளிநாட்டில் இருந்து துடித்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவருக்கு அண்ணனே கிடையாது.

தலைமையாசிரியையின் கண் கலங்கிவிட்டது. "அய்யோ பாவமே. டாக்டர் சீட்டு ஒண்ணு மட்டும் கொண்டாந்து குடுத்துருங்க. மத்தத நான் பாத்துக்கறனுங்க," என்றார். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இப்பத் தேவலையா கண்ணு?" என்று கன்னத்தைத் தொட்டார். அவள் தலையாட்டினாள்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்ததும் மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "வேண்டாம்மா. நான் பரிட்சையே எழுதலம்மா. உள்ள போய் மாத்திச் சொல்லிரும்மா." டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை. என்னைப் பார்த்து, "தப்பில்லாமச் சொன்னேனாக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மகள் பரீட்சை எழுதித் தேறினாள். வீட்டுக்காரருக்குக் காதர்பேட்டையில் ஒரு பனியன் குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனால் டீச்சருக்கு இங்கே எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லும்படியான சம்பளம் தரத் தயாராக இல்லை. மகளை மேலே படிக்கவைக்க வேண்டும். மறுபடி வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். மறுபடி என் வீட்டில்தான் வீடியோ இண்டர்வியூ.

இந்த முறை வேறு ஊர், வேறு அகாடமி. நான் சமையலறையில் இருந்தேன். மகள் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எந்த ஊர் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். டீச்சர் தயங்கவே இல்லை. பிறந்ததுதான் இந்தியா, சின்ன வயதிலேயே தென்னாப்பிரிக்கா போய்விட்டோம், வளர்ந்ததெல்லாம் கேப் டவுன் என்றார். அந்த ஊர்க் கடலைப் பற்றியும் மலையைப் பற்றியும் கூடச் சொன்னார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை கிடைத்துவிட்டது.

அவர் போன கொஞ்ச நாளிலேயே மகளை உடுமலைப்பேட்டையில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். வீட்டுக்காரர் குடோனிலேயே தங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

டீச்சர் ஒரு ஞாயிறு பேசினார். ரூம் நன்றாக இருக்கிறது, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, பெர்மிட் கொடுத்துவிட்டார்கள், முதலாளி தங்கமான மனிதர், ஒரு குறையும் இல்லை என்றார். நடுவில் யாரோ ஒரு ஆம்பளை தூரத்திலிருந்து வெள்ளைக்காரப் பெயர் ஒன்றைச் சொல்லி அதட்டுகிற மாதிரிக் கூப்பிட்டார். டீச்சர் உடனே அதற்கு இங்கிலீஷில் குரல் கொடுத்துவிட்டு, "வச்சிருதேன்க்கா. நான் நல்லா இருக்கேன்," என்றார்.

வைத்த கொஞ்ச நேரத்தில் ஹாஸ்டல் போனிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா பேசுனாங்களா பெரியம்மா?"

"இப்பத்தான் கண்ணு."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்காங்களாமா. ஒரு குறையும் இல்லையாமா."

"என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க," என்றாள்.

நடுவில் கேட்ட அந்த அதட்டலைப் பற்றி நான் சொல்லவில்லை. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.